அண்ணே, மோட் போட்டேன், கேம் திறக்கல: பிரிசம் லாஞ்சரில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் என் வாட்சப்பில் ஒரே வகைப் படம்தான் வரும். கணினித் திரையைக் கைப்பேசியால் சாய்வாக எடுத்த படம். நடுவில் குழல்விளக்கு பளபளக்கும். அதற்குப் பின்னால் சிவப்பு எழுத்தில் நாலு வரி. கீழே, "அண்ணே, மைன்கிராப்ட் ஓடல, என்ன செய்ய?" பினாங்கில் பட்டர்வொர்த், பிறை, தீவுப் பக்கம் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி இதுதான். அந்த நாலு வரியில் காரணம் இருப்பது அபூர்வம். காரணம் பெரும்பாலும் அதற்கு வெகு மேலே, படத்தில் விழாத இடத்தில் இருக்கும்.

இங்கே எழுதுவது மைன்கிராப்ட் ஜாவா பதிப்புக்கு, விண்டோஸ் கணினியில், பிரிசம் லாஞ்சர் வழியாக மோட் போடுகிறவர்களுக்கு. மோட் என்பது விளையாட்டில் புதியவற்றைச் சேர்க்க மற்றவர்கள் எழுதிய நிரல், அது ஜார் என்ற வகைக் கோப்பாக வரும். லாஞ்சர் என்பது விளையாட்டைத் திறந்து ஓட்டும் மென்பொருள். கைப்பேசியிலும் டேப்லட்டிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஓடுவது பெட்ராக் பதிப்பு. ஜார் கோப்பு அதில் எந்த வகையிலும் ஏறாது, முயன்று நேரத்தைக் கெடுக்க வேண்டாம். 2022 ஜூன் முதல் கணினிக்கு இரண்டு பதிப்பையும் சேர்த்தே விற்கிறார்கள். ஆகவே கணினிக்கென்று வாங்கியவரிடம் ஜாவா பதிப்பு இருக்கும், டேப்லட்டுக்கு மட்டும் வாங்கியவரிடம் இருக்காது.

அதிகாரபூர்வ லாஞ்சரை விட்டு பிரிசத்தைச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். அதிகாரபூர்வ லாஞ்சர், நாமாக மாற்றாதவரை, எல்லா மோட்களையும் எல்லா உலகங்களையும் ஒரே கோப்புறையில் கொட்டும். பிரிசத்தில் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும், அதாவது விளையாட்டின் ஒவ்வொரு நிறுவலும், தன் மோட்களோடும் உலகங்களோடும் தனி. தம்பி தன் 1.20.1 பதிப்பு மோட்பேக்கில் (பல மோட்கள் சேர்ந்த தொகுப்பு) என்ன குளறுபடி செய்தாலும் அக்காவின் 1.21.1 உலகம் அப்படியே இருக்கும். மல்டிஎம்சி, அதிலிருந்து பிரிந்த பாலிஎம்சி, அதிலிருந்து 2022 அக்டோபரில் பிரிந்த பிரிசம் என்று வந்த திறந்த மூல மென்பொருள் இது. காசு கிடையாது.

பிழைச் செய்திகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பு மாறாமல் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில்தான் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் லாக்

இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுத்து 'எடிட்' அழுத்தினால் இடப்பக்கம் 'மைன்கிராப்ட் லாக்' இருக்கும். லாக் என்பது விளையாட்டு ஓடும்போது நடப்பதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு. லாஞ்சரை மூடித் திறந்திருந்தால் 'அதர் லாக்ஸ்' பகுதியில் லேட்டஸ்ட்.லாக் என்ற கோப்பைப் பாருங்கள். கிராஷ்-ரிப்போர்ட்ஸ் கோப்புறையில் தேதி நேரத்தோடு ஒரு கோப்பும் விழுந்திருக்கலாம். 'அப்லோட்' பொத்தான் முழு லாகையும் எம்சிலோ.ஜிஎஸ் தளத்தில் ஏற்றி ஒரு முகவரியைத் தரும். உதவி கேட்பவர்கள் அந்த முகவரியை அனுப்ப வேண்டும், படத்தை அல்ல. உள்நுழைவுச் சாவியை பிரிசம் தானே மறைத்துவிடுவதால் அந்தப் பயம் வேண்டாம்.

லாகை வாசிக்க ஆங்கிலப் புலமை தேவையில்லை, எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். பல பிழைகள் வரிசையாக இருந்தால் முதலாவதைப் பாருங்கள். மற்றவை அதன் விளைவாக வந்து விழுந்தவையாக இருக்கும். ஆனால் ஒரே பிழைக்குள் 'காஸ்ட் பை' என்று அடுக்கடுக்காக வந்தால் கடைசி அடுக்குதான் மூலகாரணம். 'வார்ன்' என்று வரும் வரிகள் மோட்பேக்கில் நூற்றுக்கணக்கில் இருக்கும். நன்றாக ஓடும் விளையாட்டிலும் அவை உண்டு, அவற்றைத் துரத்தாதீர்கள்.

இன்னொன்று. எதையும் மாற்றுவதற்கு முன் இன்ஸ்டன்ஸின் மேல் வலது சொடுக்கி 'காப்பி இன்ஸ்டன்ஸ்' கொடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜாவாவை மாற்றி, லோடரை (மோட்களை விளையாட்டில் ஏற்றும் மென்பொருள்) மாற்றி, இரண்டு மோட்டையும் தூக்கிவிட்டு ஓடவைத்தால், ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டியதுதான்.

"லாக் இன் ஆகல"

பிரிசத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கைச் சேர்க்காமல் விளையாட முடியாது, அந்தக் கணக்கில் விளையாட்டும் வாங்கப்பட்டிருக்க வேண்டும். உலாவியில் உள்நுழைந்ததும் லாஞ்சர் தானே தொடரும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் வயது சம்பந்தப்பட்டது. 18 வயதுக்குக் கீழே என்று பிறந்த தேதி கொடுத்துத் திறந்த கணக்கு, பெரியவர் ஒருவரின் மைக்ரோசாஃப்ட் குடும்பக் குழுவில் சேராதவரை எக்ஸ்பாக்ஸ் பக்கம் நகராது. 2148916238 என்ற எண் வந்தால் அதுதான் பொருள். அப்பாவோ அம்மாவோ தங்கள் கணக்கில் நுழைந்து பிள்ளையைக் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். 2148916233 வந்தால் அந்தக் கணக்கில் எக்ஸ்பாக்ஸ் சுயவிவரமே இல்லை, எக்ஸ்பாக்ஸ் தளத்தில் ஒருமுறை நுழைந்து பெயர் உருவாக்கினால் தீரும். தனியாக விளையாட முடிகிறது, 'மல்டிபிளேயர் இஸ் டிசேபிள்ட்' என்று மட்டும் வருகிறது என்றால் அதே குடும்பக் கணக்கில் பிறரோடு சேர்ந்து விளையாடும் அனுமதி மூடியிருக்கிறது. அதையும் பெற்றோர்தான் திறக்க வேண்டும். அம்மாவின் கைப்பேசியை எடுத்து இரகசியமாகச் செய்துவிடலாமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. கேட்டுவிட்டே செய்யுங்கள், அதில் இரண்டு நிமிடம்தான் போகும்.

கேம் பாஸ் என்ற மைக்ரோசாஃப்ட் சந்தா வைத்திருப்பவர்கள் அதிகாரபூர்வ லாஞ்சரை ஒருமுறை திறந்து விளையாட்டுப் பெயரை உருவாக்கிக்கொண்டு பிறகு பிரிசத்துக்கு வாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியவர்கள் மூலையில் இருக்கும் கடிகாரத்தையும் தேதியையும் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிறிய வட்ட பேட்டரி செத்துப்போயிருந்தால், மின்சாரம் முழுவதும் போய்த் திரும்பும்போது தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது. உள்நுழைவும் நடக்காது, கோப்பும் இறங்காது, செய்தியோ இணையக் கோளாறு போலக் காட்டும். தேதியைச் சரிசெய்தால் உடனே வேலை செய்யும். பேட்டரியை மாற்ற கொம்தார் பக்கம் எந்தப் பழுதுபார்ப்புக் கடைக்கும் கொண்டுபோகலாம், பெரும்பாலான இயந்திரங்களில் சிஆர்2032 என்ற வகைதான்.

"டவுன்லோட் பாதியில நிக்குது"

மோட்பேக் இறங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வரும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஒன்றிரண்டு தவறுவது சகஜம். மறுபடி அழுத்தினால் இறங்கியவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

கர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளத்தின் மோட்பேக் என்றால் வேறொரு தடை வரும். 'பிளாக்ட் மோட்ஸ்' என்று ஒரு பட்டியலைக் காட்டி நிற்கும். இது பிழையே இல்லை. சில மோட் ஆசிரியர்கள் தங்கள் கோப்பைப் பிற லாஞ்சர்கள் நேரடியாக இறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள இணைப்புகளை உலாவியில் திறந்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். உங்கள் டவுன்லோட்ஸ் கோப்புறையை பிரிசம் கவனித்துக்கொண்டே இருக்கும், கோப்பு வந்து விழுந்ததும் தானே டிக் போடும். உலாவி வேறு கோப்புறையில் சேமித்தால் அந்தக் கோப்புறையை அதே சன்னலில் சேர்த்துவிடுங்கள். ஒன்றை விட்டுவிட்டு 'ஓகே' கொடுத்தால் பேக் பாதி மோட்டோடு நிறுவப்பட்டு, பிறகு கீழே சொல்லும் 'இன்கம்பேட்டிபிள் மோட்ஸ் ஃபவுண்ட்' பிழையில் போய் முட்டும்.

மோட்ரிந்த், கர்ஸ்ஃபோர்ஜ் ஆகிய இரண்டு தளங்களையும் விட்டு வேறு எங்கிருந்தும் ஜார் எடுக்காதீர்கள். மோட் பெயரைத் தேடினால் முதலில் வரும் தளங்களில் பல, பிறர் கோப்பை நகலெடுத்து விளம்பரத்தோடு வைத்திருப்பவை. ஜார் என்பது உங்கள் கணினியில் ஓடும் முழு நிரல். 2023 ஜூனில் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல் கர்ஸ்ஃபோர்ஜிலேயே சில மோட்களுக்குள் புகுந்து, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் கணக்குச் சாவிகளையும் திருடியது. காவல் உள்ள இடத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் பென்டிரைவில் வரும் 'எல்லா மோட்டும் உள்ள' மைன்கிராப்ட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

"லாஞ்ச் அழுத்தினா உடனே மூடிக்குது"

சன்னல்கூடத் திறக்காமல் விழுந்தால் முதல் சந்தேகம் ஜாவா, அதாவது விளையாட்டை ஓட்டும் அடிப்படை மென்பொருள். மைன்கிராப்ட் 1.16.5 வரைக்கும் ஜாவா 8. 1.17க்கு 16. 1.18 முதல் 1.20.4 வரை 17. 1.20.5 முதல் 1.21 வரிசை முழுக்க 21. புதியது எதுவோ அதைப் போட்டுவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற எண்ணம்தான் இங்கே கெடுக்கிறது. ஃபோர்ஜ் என்ற லோடரோடு 1.12.2ஐ ஜாவா 17இல் ஓட்டினால் 'யூஆர்எல் கிளாஸ்லோடர்' என்ற சொல்லோடு 'கேனாட் பி கேஸ்ட்' என்று விழும். அதற்கு 8தான் வேண்டும்.

எதிர்த்திசையில், ஜாவா பழையதாக இருந்தால் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எர்ரர்' வரும். அதே வரியில் 'கிளாஸ் ஃபைல் வெர்ஷன்' என்று ஓர் எண் இருக்கும்: 52 என்றால் ஜாவா 8, 60 என்றால் 16, 61 என்றால் 17, 65 என்றால் 21. முதலில் வரும் எண் மோட் கேட்பது, பின்னால் வருவது உங்களிடம் இருப்பது. 44ஐக் கழித்தால் ஜாவா எண் வந்துவிடும்.

பிரிசம் 9.0 பதிப்பிலிருந்து சரியான ஜாவாவைத் தானே இறக்கிக்கொள்ளும். ஆகவே பழைய பிரிசம் வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் புதுப்பியுங்கள். புதுப்பித்த பிறகும் இதே பிழை வந்தால், அந்த இன்ஸ்டன்ஸின் 'செட்டிங்ஸ்', 'ஜாவா' பகுதியில் யாரோ கையால் ஒரு ஜாவாவைப் பூட்டி வைத்திருப்பார்கள். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

'குட் நாட் ரிசர்வ் எனஃப் ஸ்பேஸ் ஃபார் ஆப்ஜெக்ட் ஹீப்' என்றால் 32-பிட் ஜாவாவாக இருக்கலாம். விண்டோஸில் அது சுமார் 1.5 ஜிபிக்கு மேல் எடுக்காது. 64-பிட் ஜாவா வேண்டும். 64-பிட்தான் இருக்கிறது என்றால் இயந்திரத்தில் உள்ளதைவிட அதிக நினைவகம் கேட்டிருக்கிறீர்கள்.

கோப்புறையின் பெயரையும் பாருங்கள். பாதையில் ஆச்சரியக்குறி இருந்தால் ஜாவா தடுமாறும், பிரிசமே எச்சரிக்கும். விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குச் சில பழைய பதிப்புகளில் நேட்டிவ் நூலகங்கள் ஏறாமல் போகும். பயனர் பெயரை மாற்றித் தொல்லைப்பட வேண்டாம். பிரிசத்தின் கையடக்கப் பதிப்பை, அதாவது போர்ட்டபிள் என்று வருவதை, சி டிரைவில் ஆங்கில எழுத்தில் பெயரிட்ட ஒரு கோப்புறையில் விரித்து அங்கிருந்து ஓட்டினால் போதும். ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் டெஸ்க்டாப்பில் மட்டும் வைக்காதீர்கள், விளையாட்டு எழுதும் கோப்பை அதுவும் பிடித்து இழுக்கும்.

"இன்கம்பேட்டிபிள் மோட்ஸ் ஃபவுண்ட்"

என்னிடம் வருவதில் பெரும்பங்கு இதுதான், சரிசெய்வதும் இதுதான் எளிது. ஃபேப்ரிக் லோடர் தன் குறையைத் தானே சொல்லிவிடும். 'எ பொடென்ஷியல் சொல்யூஷன் ஹாஸ் பீன் டிட்டர்மின்ட்' என்ற வரிக்குக் கீழே, எதை நிறுவ வேண்டும், எதை நீக்க வேண்டும், எந்தப் பதிப்புக்கு மாற்ற வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் சன்னலை மூடிவிட்டு வாட்சப்பைத் திறக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் அடிக்கடி வருவது 'ஃபேப்ரிக் ஏபிஐ'. ஃபேப்ரிக் லோடர் வேறு, ஃபேப்ரிக் ஏபிஐ வேறு. முன்னது 'வெர்ஷன்' பகுதியில் நிறுவுவது, பின்னது மற்ற மோட்களைப் போல மோட்ஸ் கோப்புறையில் இருக்க வேண்டிய ஜார். ஏராளமான ஃபேப்ரிக் மோட்களுக்கு இரண்டும் வேண்டும். பிரிசத்தின் 'டவுன்லோட் மோட்ஸ்' வழியாக எடுத்தால் தேவையான துணை மோட்களைத் தானே கண்டுபிடித்துச் சேர்க்கட்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். உலாவியில் இறக்கி இழுத்து விடுகிறவர்களுக்குத்தான் இது விடுபடும்.

ஃபோர்ஜிலும் நியோஃபோர்ஜிலும் இதே பிழை 'மிஸ்ஸிங் ஆர் அன்சப்போர்ட்டட் மேண்டட்டரி டிபென்டன்சீஸ்' என்று வரும். மோட் ஐடி, கேட்கும் பதிப்பு, இருக்கும் பதிப்பு மூன்றும் அந்த வரியிலேயே இருக்கும். 'ஆக்சுவல் வெர்ஷன்' இடத்தில் 'மிஸ்ஸிங்' என்றால் அந்தத் துணை மோட் இல்லவே இல்லை. எண் இருந்தால் பதிப்பு பொருந்தவில்லை.

பதிப்பு எண்ணில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவதை அலட்சியம் செய்யாதீர்கள். 1.20, 1.20.1, 1.20.4 மூன்றும் மூன்று வேறு விளையாட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு எழுதிய மோட் மற்றதில் ஓடினால் அது அதிர்ஷ்டம். கோப்பின் பெயரிலேயே பெரும்பாலும் லோடரும் பதிப்பும் இருக்கும். பழைய ஜாரை நீக்காமல் புதிய ஜாரைப் போட்டு, ஒரே மோட் இரண்டாக இருப்பதும் உண்டு. பட்டியலைப் பெயர் வரிசையில் அடுக்கினால் இரட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

"மோட் போட்டேன், எர்ரரும் இல்ல, மோட்டும் இல்ல"

லோடரைப் பாருங்கள். ஃபேப்ரிக், குவில்ட், ஃபோர்ஜ், நியோஃபோர்ஜ் என்று நான்கு இருக்கின்றன. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த உருண்டை முள் பிளக்கை நம் வீட்டுச் சதுர மூன்று துளையில் செருக முயல்வது போலத்தான் ஃபோர்ஜ் மோட்டை ஃபேப்ரிக்கில் போடுவதும். ஃபேப்ரிக் அதற்காக விழுந்துவிடாது. லாகில் 'நான்-ஃபேப்ரிக் மோட்ஸ்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் தாண்டிப் போகும். குவில்ட் பெரும்பாலான ஃபேப்ரிக் மோட்களை ஏற்கும், ஃபேப்ரிக் குவில்டுக்கென எழுதியதை ஏற்காது.

ஃபோர்ஜ், நியோஃபோர்ஜ் குழப்பத்துக்கு வரலாறு உண்டு. 2023 ஜூலையில் ஃபோர்ஜ் குழுவில் பெரும்பாலோர் பிரிந்துபோய் நியோஃபோர்ஜைத் தொடங்கினார்கள். 1.20.1இல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அங்கே ஒன்றன் மோட் மற்றதில் பெரும்பாலும் ஓடும். 1.20.2 முதல் வழி பிரிந்துவிட்டது. பழைய காணொளியைப் பார்த்து "இரண்டும் ஒண்ணுதான்" என்று 1.21இல் முயல்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

லோடர் சரியென்றால் இடத்தைப் பாருங்கள். யூடியூபில் சொல்கிறபடி ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் மைன்கிராப்ட் கோப்புறையில் போட்டால் அது அதிகாரபூர்வ லாஞ்சரின் இடம், பிரிசம் அங்கே எட்டிப்பார்க்காது. இன்ஸ்டன்ஸின் 'மோட்ஸ்' பகுதியில் இழுத்து விடுவதே உறுதியான வழி. ஒளியையும் நிழலையும் மாற்றும் ஷேடரும், படங்களையும் ஒலிகளையும் மாற்றும் ரிசோர்ஸ் பேக்கும் மோட் அல்ல, அவற்றுக்குத் தனிப் பகுதிகள் இருக்கின்றன. ஷேடர் ஓட ஐரிஸ் போன்ற ஒரு மோட் வேறு வேண்டும். ஜாரை விரித்துக் கோப்புறையாகப் போட்டவர்களும் உண்டு. விரிக்காதீர்கள், அப்படியே போடுங்கள்.

"லோகோ வருது, பாதியில வெடிக்குது"

துணை மோட் எல்லாம் இருந்தும் ஏறும் வழியில் விழுந்தால் இரண்டு மோட்கள் ஒன்றையொன்று மிதிக்கின்றன. லாகில் 'மிக்ஸின் அப்ளை ஃபெயில்ட்' என்ற சொல் வரும். விளையாட்டின் ஒரே இடத்தை இரண்டு பேரும் மாற்றி எழுதப் போனார்கள் என்று பொருள். அந்த வரியில் பெரும்பாலும் 'மிக்ஸின்ஸ்.ஜேசன்' என்று முடியும் ஒரு பெயர் இருக்கும், அதன் முன்பகுதி மோட்டின் பெயராகவே இருக்கும். முதல் சந்தேகம் அதன்மேல்.

பெயர் அகப்படவில்லை என்றால் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். மோட்ஸ் பட்டியலில் பாதியை டிக் எடுத்து முடக்கி ஓட்டுங்கள். முடக்கினால் பிரிசம் கோப்பை அழிக்காது, பெயருக்குப் பின்னால் '.டிசேபிள்ட்' என்று ஒட்டி வைக்கும், அவ்வளவுதான். ஓடினால் குற்றவாளி முடக்கிய பாதியில். விழுந்தால் மிச்சப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 64 மோட் இருந்தாலும் ஆறு சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். ஃபேப்ரிக் ஏபிஐ போன்ற துணை மோட்களை மட்டும் எப்போதும் முடக்காமல் விடுங்கள், இல்லையென்றால் வேறு பிழை கிளம்பித் திசை திருப்பும். சில நேரம் சண்டை இரண்டு பேருக்கு இடையில் என்பதால் இரண்டு பாதியும் தனித்தனியே ஓடும். அப்போது ஒரு பாதியை முழுக்க வைத்துக்கொண்டு மற்றதை ஒன்றிரண்டாகச் சேர்த்து வாருங்கள்.

தேடத் தொடங்கும் முன் ஒரு கேள்வி: ஆப்டிஃபைனும் சோடியமும் சேர்ந்து இருக்கின்றனவா? இரண்டும் வரைகலைப் பகுதியை மாற்றி எழுதுபவை, ஒன்றாக வாழாது. என் கருத்தில் புதிய பதிப்புகளில் ஆப்டிஃபைனுக்கு இனி அவசியம் இல்லை. சோடியமும் ஐரிஸும் அந்த வேலையைச் செய்கின்றன, மற்ற மோட்களோடு சண்டையும் குறைவு.

"எண் மட்டும் வருது, வேற ஒண்ணும் இல்ல"

'எக்ஸிட் கோட்' என்று நீளமான கழித்தல் எண் வந்தால் விழுந்தது ஜாவாவுக்குக் கீழே. -1073741819, -1073740791 இரண்டும் வந்தால் முதலில் டிஸ்ப்ளே டிரைவரைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் அப்டேட் கொடுப்பதை நம்பாமல் இன்டெல், என்விடியா, ஏஎம்டி தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாட்யூனர் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திப் பாருங்கள், சோடியத்துக்கு அதோடு ஆகாது. -805306369 என்றால் விளையாட்டு பதிலளிக்காமல் நின்று, நீங்களோ விண்டோஸோ அதை மூடியிருக்கிறீர்கள். பெரிய மோட்பேக் முதல் தடவை ஏறும்போது 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டுவது வழக்கம். பொறுமையாக விட்டுவிடுங்கள்.

'ஜிஎல்எஃப்டபிள்யூ எர்ரர் 65542' என்றால் ஓபன்ஜிஎல், அதாவது விளையாட்டு திரையில் படம் வரையப் பயன்படுத்தும் இடைமுகம், இல்லை. புதிதாக விண்டோஸ் போட்ட இயந்திரத்தில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று நிற்கும். டிரைவரே போடவில்லை, போட்டால் சரி.

மிகப் பழைய அலுவலக லேப்டாப்பில் வருவது வேறு கதை. 1.17 முதல் மைன்கிராப்ட்டுக்கு ஓபன்ஜிஎல் 3.2 வேண்டும். இரண்டாம் தலைமுறை இன்டெல் கோரில் உள்ள எச்டி 3000க்கு விண்டோஸ் டிரைவர் 3.1 வரைதான் தருகிறது. எந்த மோட்டை நீக்கினாலும் அது மாறாது. 1.16.5இல் விளையாடலாம், அதற்கும் மோட்கள் ஏராளம். அல்லது லினக்ஸ் போடலாம், அங்குள்ள மெசா டிரைவர் அதே சில்லுக்கு 3.3 தருகிறது. வாங்கும் முன்னரே கேட்டால், நாலாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம் என்பேன்.

"ஓடுது, ஆனா லேக்"

எல்லோரும் முதலில் நினைவகத்தைக் கூட்டுகிறார்கள். லாகில் 'அவுட் ஆஃப் மெமரி எர்ரர்: ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்று இருந்தால் மட்டுமே அது மருந்து. சின்னத் தொகுப்புக்கு 4096 எம்ஐபி, அதாவது 4 ஜிபி, நூற்றுக்கு மேல் மோட் உள்ள பேக்குக்கு 6144 முதல் 8192 எம்ஐபி. 8 ஜிபி இயந்திரத்தில் 4096ஐத் தாண்டாதீர்கள், விண்டோஸுக்கும் உலாவிக்கும் மிச்சம் வேண்டும். தேவைக்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் வட்டில் கொண்டுபோய் எழுதத் தொடங்கும், சீரான இடைவெளியில் படம் உறைந்து உறைந்து நகரும்.

காலையில் நன்றாக ஓடி மதியத்தில் இழுத்தால் வெப்பம். மூடிய அறையில், மெத்தைமேல் வைத்த லேப்டாப் பினாங்கு மதியத்தில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேசைமேல் வையுங்கள், காற்றுத் துளையில் உள்ள தூசியைத் தட்டுங்கள், சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள். இரண்டு வரைகலைச் சில்லு உள்ள லேப்டாப்பில் விண்டோஸின் 'கிராபிக்ஸ்' அமைப்பில் போய், பிரிசம் பயன்படுத்தும் ஜாவாடபிள்யூ.எக்ஸிக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். பிரிசத்துக்கு மட்டும் கொடுத்தால் போதாது, விளையாட்டை ஓட்டுவது ஜாவா.

"தமிழ் எழுத்து உடையுது"

மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, ஆசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாகத் தெரியும். மோட்டின் குற்றம் அல்ல. மைன்கிராப்ட் ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் வரைகிறது, இந்திய எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வேலையை அது செய்வதில்லை. 'மாடர்ன் யூஐ' என்ற மோட் தன் சொந்த எழுத்தமைப்புப் பொறியைக் கொண்டுவருகிறது, அதோடு முயலலாம்.

"ஃபிரெண்ட் சர்வர்ல சேர முடியல"

புதிய பொருள், புதிய கல் சேர்க்கும் மோட் எதுவானாலும் இரு பக்கமும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். வரைபடம், சோடியம் போன்றவை உங்கள் பக்கம் மட்டும் இருந்தால் போதும். ஒவ்வொன்றாக ஒப்பிடாதீர்கள். சர்வர் நடத்துபவர் தன் இன்ஸ்டன்ஸை 'எக்ஸ்போர்ட்' செய்து எம்ஆர்பேக் கோப்பாக அனுப்பட்டும், மற்றவர்கள் 'ஆட் இன்ஸ்டன்ஸ்', 'இம்போர்ட்' வழியாக ஏற்றட்டும்.

"கரண்ட் டிரிப் ஆச்சு, உலகம் போச்சு"

மாலை இடியோடு மின்சாரம் வெட்டும்போது விளையாட்டு சேமித்துக்கொண்டிருந்தால் கோப்பு அரைகுறையாக நிற்கும். உலகம் பட்டியலிலேயே இல்லை, அல்லது திறக்க மறுக்கிறது என்றால், முதலில் உலகக் கோப்புறையை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். பிறகு உள்ளே லெவல்.டேட் கோப்பை நீக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் லெவல்.டேட்_ஓல்டுக்கு லெவல்.டேட் என்று பெயர் மாற்றுங்கள். அது முந்தைய சேமிப்பின் நகல், பெரும்பாலும் இதிலேயே திரும்பிவிடும்.

மோட்டை நீக்கிய பிறகு திறக்கப் போகும்போது 'மிஸ்ஸிங்' என்று ஒரு நீண்ட பட்டியல் காட்டி, தொடரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி வெளியே வாருங்கள். தொடர்ந்தால் அந்த மோட்டின் கல்லும் பெட்டியும் உள்ளிருந்த பொருளும் உலகத்திலிருந்து அழிந்துவிடும், மோட்டைத் திரும்பப் போட்டாலும் வராது.

உலகம் திறக்கிறது, ஓர் இடத்துக்குப் போனால் மட்டும் விழுகிறது என்றால் அந்தப் பகுதியின் கோப்பு கெட்டிருக்கிறது. உலகத்தின் 'ரீஜியன்' கோப்புறையில் ஒவ்வோர் எம்சிஏ கோப்பும் 512க்கு 512 கட்டப் பரப்பு. விழும் இடத்தின் எக்ஸ், இசட் எண்களை 512ஆல் வகுத்து, கீழ்நோக்கி முழு எண்ணாக்குங்கள். எக்ஸ் 1300, இசட் -200 என்றால் 2, -1. கோப்பின் பெயர் ஆர்.2.-1.எம்சிஏ. அந்த ஒன்றை மட்டும் பழைய நகலிலிருந்து எடுத்து வையுங்கள். 1.17 முதல் 'என்டிட்டீஸ்' கோப்புறையிலும் அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கும், அதையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் வீடு பழையபடி திரும்பும், ஆடு மாடும் கிராமத்தாரும் வேறு நாளிலிருந்து வந்து நிற்பார்கள். நகல் எதுவும் இல்லையென்றால் கெட்ட கோப்பை வெளியே நகர்த்திவிட்டுத் திறங்கள். அந்த 512 கட்டம் புதிதாக முளைக்கும், அங்கே கட்டியது போகும், மற்ற உலகம் மிஞ்சும்.